கழுத்தில் பிறக்கும் தலைவலி: ஒருவருக்கு எட்டு, இன்னொருவருக்கு மூன்று... ஏன்?

துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் சுமந்து நிற்கிறது வடசென்னை. அங்கே உழைப்பவர்களின் வலியை எக்ஸ்ரே படத்தைப் பார்த்து எடைபோடும் பழக்கம் சரிதானா?

வடசென்னையில் கழுத்துக்கு வேலை அதிகம்.

சென்னைத் துறைமுகத்தில் கரையோரக் கிரேனை இயக்குபவர் பல மாடி உயரத்தில் தொங்கும் சிறு அறையில் உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடித் தரை வழியே காலடிக்குக் கீழே தெரியும் கன்டெய்னரைக் குனிந்து பார்த்தபடியேதான் அவருடைய ஷிஃப்ட் முடியும். கப்பலில் கன்டெய்னர்களை இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டும் லாஷிங் தொழிலாளிக்கு அண்ணாந்து பார்க்கிற வேலை. எண்ணூர் நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் ஓட்டுபவர், வண்டியைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் திருப்ப வேண்டும். காசிமேட்டில் சும்மாடு வைத்து மீன் கூடை சுமக்கிறவர்கள், குனிந்த தலை நிமிராமல் வலை பின்னுகிறவர்கள், திருவொற்றியூர்ப் பட்டறைகளில் முகமூடியை இறக்கத் தலையை வெடுக்கென்று ஆட்டும் வெல்டர்கள், பாரிமுனை ஷிப்பிங் அலுவலகங்களில் நாள் முழுக்கத் திரையைப் பார்த்தபடி ஆவணம் தயாரிப்பவர்கள் என்று பட்டியல் நீளும்.

இப்படி உழைப்பவர்களில் சிலருக்குக் கழுத்திலிருந்தே தலைவலி கிளம்புகிறது. பொடனியில் பிடித்து இழுக்கும். அப்படியே பின்மண்டையில் ஏறும். கடைசியில் ஒரு பக்கக் கண்ணுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு குத்தும். கழுத்தைத் திருப்பினால் கூடும். பெரும்பாலும் வந்த பக்கத்திலேயே திரும்பத் திரும்ப வரும். நார்வே நாட்டு நரம்பியல் மருத்துவர் ஓட்டார் ஷோஸ்டா 1983-இல் இதைக் கழுத்துத் தலைவலி என்ற தனி வகையாக எடுத்துக்காட்டினார். இன்று சர்வதேசத் தலைவலி வகைப்பாட்டில் அதற்குத் தனி இடம் இருக்கிறது.

வகையும் பெயரும் கிடைத்துவிட்டன. ஆனால், வீட்டிலும் வேலையிடத்திலும் தகராறு கிளப்புகிற கேள்வி வேறு. ஒரே வயது, ஒரே வண்டி, ஒரே வழித்தடம், கழுத்தில் ஒரே மாதிரி இறுக்கம் என்று இரண்டு ஓட்டுநர்களை வைத்துக்கொள்வோம். பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டால் ஒருவர் எட்டு என்கிறார். மற்றவர் மூன்று என்கிறார். எட்டு என்றவரைப் பார்த்து, “அவனுக்கு மட்டும் என்னவாம்? சும்மா நடிக்கிறான்” என்று சூப்பர்வைசரும் சொல்வார், சொந்தக்காரரும் சொல்வார். அவர் நடிக்கவில்லை என்பதற்கு வலி ஆராய்ச்சியில் போதுமான ஆதாரம் இருக்கிறது.

கோளாறு கழுத்தில், குத்தல் கண்ணில்

கழுத்தில் ஏழு எலும்புகள். அவற்றில் மேலே உள்ள இரண்டும் தனி வடிவம் கொண்டவை. தலையை இடமும் வலமும் திருப்பும் அசைவில் ஏறக்குறைய பாதி இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது. மேல் கழுத்து மூட்டுகள், தசைகள், தசைநார்களிலிருந்து உணர்வை எடுத்துச் செல்பவை முதல் மூன்று கழுத்து நரம்புகள். நெற்றி, கண், முகம் ஆகியவற்றின் உணர்வை முப்பெரு நரம்பு எடுத்துச் செல்கிறது. இந்த இரண்டு கூட்டமும் தண்டுவடத்தின் மேல்முனையில் ஒரே நரம்பணுத் தொகுதியில் வந்து சேர்கின்றன.

கும்மிடிப்பூண்டித் தடமும் அரக்கோணம் தடமும் பேசின் பிரிட்ஜில் சேர்ந்துதான் சென்ட்ரலுக்குள் நுழைகின்றன. பிளாட்பாரத்தில் வந்து நிற்கும் வண்டியை மட்டும் பார்த்து அது எந்தத் தடத்தில் வந்தது என்று சொல்ல முடியாது. மூளையின் நிலைமையும் அதுதான். செய்தி புறப்பட்டது கழுத்து மூட்டிலிருந்து. மூளையோ அதைக் கண்ணிலிருந்து வந்ததாக எடுத்துக்கொள்கிறது.

இது வெறும் ஊகம் இல்லை. ஆஸ்திரேலிய உடற்கூறு அறிஞர் நிக்கொலாய் பொக்டக்கும் அவருடைய சகாக்களும் 1990-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எந்த நோயும் இல்லாத தன்னார்வலர்களின் கழுத்து மூட்டுகளை ஊசியால் தூண்டி, வலி எங்கெங்கே பரவுகிறது என்று வரைபடம் போட்டார்கள். இரண்டாம், மூன்றாம் எலும்புகளுக்கு இடையிலான மூட்டைத் தூண்டியபோது வலி தலையை நோக்கி ஏறியது. கழுத்துத் தலைவலிக்கு அதிகம் காரணமாகும் மூட்டும் அதுவே என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

படம் சொல்லாத சேதி

தலைவலி என்று போனால் கழுத்துக்கு ஒரு எக்ஸ்ரே. பணம் இருந்தால் எம்.ஆர்.ஐ. முடிவு இரண்டில் ஒன்றாக வரும். “எலும்பு தேஞ்சிருக்கு” என்பது ஒன்று. “படத்துல ஒண்ணும் இல்ல” என்பது இன்னொன்று. முதலாவதைக் கேட்டவர் பயந்துபோகிறார். இரண்டாவதைக் கேட்டவர் பொய்யர் ஆகிவிடுகிறார்.

ஜப்பானில் 1,211 பேருக்குக் கழுத்து எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2015-இல் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். அத்தனை பேரும் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள். அவர்களில் 87.6 சதவீதம் பேருக்கு எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டு பிதுங்கியிருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு அப்படித்தான். ஆகவே, படத்தில் தெரியும் தேய்மானமும் பிதுக்கமும் நரை விழுவதைப்போல வயதோடு வருபவை. அவற்றை வைத்து வலியை அளந்துவிட முடியாது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கழுத்துத் தேய்மானம் அதிகம் தென்படுவது ஐந்தாம், ஆறாம் எலும்புகளைச் சுற்றி. தலைக்கு வலியை அனுப்பும் நரம்புகளோ மேலே உள்ள முதல் மூன்று. கீழ்க் கழுத்துத் தேய்மானத்தைச் சுட்டிக்காட்டி, “உங்க தலைவலிக்கு இதுதான் காரணம்” என்று சொல்வது பல நேரங்களில் தவறான ஆளைப் பிடித்து விசாரிக்கிற கதை.

சுமைக்கும் கழுத்துக்கும் தொடர்பே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். தலைச்சுமை தூக்குகிறவர்களையும் தூக்காதவர்களையும் ஒப்பிட்டு ஆப்பிரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 1997-இல் வெளியானது. சுமை தூக்கியவர்களின் கழுத்தில் தேய்மானம் பல மடங்கு அதிகமாக இருந்தது. குனியக் குனியக் கழுத்தின் மேல் பாரம் கூடும் என்பதும் உண்மை. தலையை 60 பாகை குனிந்தால் கழுத்து தாங்க வேண்டியது சுமார் 27 கிலோ என்று அமெரிக்க அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் ஒரு மாதிரிக் கணக்கு போட்டார். செல்போன் கழுத்து பற்றிய பேச்சில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது அந்தக் கணக்குதான். அது பாரத்தைச் சொல்லும், வலியைச் சொல்லாது. கேரம் ஆடுகிறவர்களைப் பாருங்கள். 2024 உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டைக்காரர். அந்தப் பகுதியில் தெருவுக்குத் தெரு பிள்ளைகள் மணிக்கணக்காகப் போர்டின் மேல் குனிந்திருக்கிறார்கள். அத்தனை பேருக்குமா தலை வலிக்கிறது?

வலி ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது?

2003-இல் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் காகிலின் குழு 17 பேரின் காலில் ஒரே அளவு சூட்டை, 49 டிகிரி செல்சியஸை, வைத்துப் பார்த்தது. வலி எவ்வளவு என்று பத்துக்கு மதிப்பெண் கேட்டார்கள். ஒருவர் ஏறக்குறைய ஒன்று என்றார். இன்னொருவர் ஏறக்குறைய ஒன்பது என்றார். வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்களா என்று பார்க்க அதே நேரத்தில் மூளையையும் படம் பிடித்தார்கள். கூடுதல் மதிப்பெண் சொன்னவர்களின் பெருமூளைப் புறணியில் வலியோடு தொடர்புள்ள பகுதிகள் அடிக்கடியும் வலுவாகவும் இயங்கின. செய்தி மூளைக்குள் நுழையும் இடமான தாலமஸில் மட்டும் ஆட்களுக்கிடையே அப்படி வித்தியாசம் தெரியவில்லை. வந்த செய்தி ஒன்றுதான். அதை மூளை கையாண்ட விதத்தில்தான் வேறுபாடு. ஒன்பது என்றவருக்கு உண்மையிலேயே ஒன்பது வலித்தது.

வலி உடம்பின் சேதத்துக்கு நேர்விகிதத்தில் வருவதில்லை என்பதை உலகத்துக்கு எடுத்துக்காட்டியவர்களில் ஒருவர், ராயபுரத்தை ஒட்டிய ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன். துண்டிக்கப்பட்டு இல்லாமல் போன கையில் வலிக்கிறது என்று தவித்தவர்களுக்காக 1990-களில் அவர் ஒரு கண்ணாடிப் பெட்டியை அமைத்தார். நல்ல கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் பார்க்க வைத்தபோது, சிலருக்கு அந்த வலி குறைந்தது. கையே இல்லாமல் கை வலிக்கும் என்றால், படத்தில் ஒன்றும் தெரியாத கழுத்து வலிக்காதா?

இந்த வேறுபாட்டுக்கு ஒரே காரணம் என்று எதையும் காட்ட முடியாது. பல காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன.

பிறப்பு ஒன்று. பாகிஸ்தானில் வலியே அறியாத சிலருக்கு எஸ்.சி.என்.9ஏ என்ற ஒற்றை மரபணுவில் பழுது இருப்பதை 2006-இல் கண்டுபிடித்தார்கள். அது மிக அபூர்வம். நம்மில் பெரும்பாலோருக்குப் பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாக வலி உணர்வைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன.

தூக்கம் இன்னொன்று, வடசென்னையில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. காசிமேடு மீன்பிடித் துறைமுகம் விடிவதற்கு வெகுநேரம் முன்பே விழித்துவிடுகிறது. தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் மாறி மாறி வருகிறது. துறைமுக வாசலில் வரிசை நகரும் வரை ட்ரெய்லர் ஓட்டுநருக்குக் கேபின்தான் படுக்கை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து 2019-இல் வெளியான ஆய்வில், ஆரோக்கியமானவர்களை ஓர் இரவு தூங்கவிடாமல் வைத்துச் சூடு கொடுத்தபோது, முன்பு தாங்கிய அளவே இப்போது வலித்தது. மூளையில் வலியை உணரும் பகுதி கூடுதலாக இயங்கியது. வலியைத் தணிக்க உதவும் பகுதிகளின் இயக்கம் தணிந்தது. ஒரே ஓர் இரவுக்கே இந்தக் கதி.

மூன்றாவது, நாள்பட்ட வலி நரம்பு மண்டலத்தில் உண்டாக்கும் மாற்றம். வலிச் செய்தி மாதக்கணக்கில் வந்துகொண்டே இருந்தால், சிலருக்குத் தண்டுவடமும் மூளையும் அதற்குக் கூர்மையாகிவிடுகின்றன. லேசாகத் தொட்டாலே வலிக்கும். கழுத்துக்குச் சம்பந்தமே இல்லாத கெண்டைக்காலில் விரலால் அழுத்தினாலும் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வலிக்கும். இவர்களுக்குக் கழுத்தை மட்டும் பார்த்து வைத்தியம் செய்தால் பாதிக் கிணறுதான் தாண்ட முடியும்.

நான்காவது, அந்த வலிக்கு வாழ்க்கையில் என்ன அர்த்தம் என்பது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர், படுகாயம் அடைந்த 215 படைவீரர்களிடம் வலிக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டார். ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். அந்தக் காயம் அவர்களுக்குப் போர்முனையிலிருந்து விடுதலை என்பது 1946-இல் அவர் எழுதிய விளக்கம். ஒப்பந்தத் தொழிலாளியின் கணக்கு அப்படியே தலைகீழ். அவருக்கு வலி வந்தால் நாளைய கூலி போச்சு. வட்டி கட்ட முடியாது. இடத்துக்கு இன்னொருவர் வந்துவிடுவார். அந்தப் பயம் தசையை இறுக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், கவனத்தை வலியின் மேலேயே கட்டிப்போடும். தொடக்கத்தில் சொன்ன கிரேன் இயக்குபவருக்கு நிரந்தர வேலையும் சம்பளத்தோடு விடுப்பும் இருந்து, லாஷிங் தொழிலாளிக்கு அவை இல்லையென்றால், ஒரே கழுத்துக் கோளாறு இருவரையும் ஒரே மாதிரி வருத்தாது.

பெண்களுக்கு வருவோம். ஆய்வுக்கூடச் சோதனைகளில் பெண்கள் சராசரியாக ஆண்களைவிடச் சற்றுக் குறைந்த தூண்டலிலேயே வலியை உணர்கிறார்கள். ஆனால் பெண்களுக்குள்ளேயும் ஆண்களுக்குள்ளேயும் இருக்கும் வேறுபாடு இதைவிடப் பெரியது. நடைமுறையில் நடப்பதோ வேறு. கூடை சுமந்து, குடம் தூக்கி, வீட்டு வேலையும் முடித்து ஒரு பெண் தலைவலி என்றால், “வெயில்ல போனியா? டென்ஷனா?” என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

வலி பற்றிய ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020-இல் தன் வரையறையைத் திருத்தியபோது இதையெல்லாம் உள்ளடக்கியது. வலி எப்போதும் ஒருவரின் சொந்த அனுபவம். உடல், மனம், சமூகம் மூன்றும் அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று எழுதிவைத்தது.

கழுத்து எப்போதும் குற்றவாளி இல்லை

எல்லாத் தலைவலியையும் கழுத்தின் தலையில் கட்டிவிடவும் கூடாது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனத்தினர் கர்நாடகத்தில் 2,329 பேரிடம் நடத்திய கணக்கெடுப்பில், ஓராண்டுக்குள் தலைவலி வந்ததாகச் சொன்னவர்கள் 63.9 சதவீதம். நான்கில் ஒருவருக்கு மைக்ரேன் இருந்தது. கழுத்துத் தலைவலி இவற்றோடு ஒப்பிட்டால் மிகக் குறைவானவர்களுக்கே வருகிறது.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், மைக்ரேன் உள்ளவர்களுக்கும் கழுத்து வலிக்கும். அதுவும் குமட்டலைவிடக் கழுத்து வலியே அவர்களுக்கு அதிகம் என்று 2010-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. காரணம் முன்பு பார்த்த அதே சந்திப்புதான்; செய்தி இரண்டு திசையிலும் தடம் மாறும். ஆகவே, பொடனி வலிப்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. குமட்டல், வெளிச்சமும் சத்தமும் தாங்காமை, விண்விண்ணென்று துடிப்பது, 4 மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை நீடிப்பது, பக்கம் மாறி வருவது இவையெல்லாம் மைக்ரேனின் பக்கம் கை காட்டும். தலையைச் சுற்றிப் பட்டை கட்டியதுபோல இருபக்கமும் அழுத்துவது பதற்றத் தலைவலி. கழுத்தைத் திருப்பும் அளவு குறைந்திருப்பது, குறிப்பிட்ட அசைவிலோ மேல் கழுத்தை அழுத்தினாலோ அதே தலைவலி கிளம்புவது, பக்கம் மாறாமல் இருப்பது ஆகியவை கழுத்தின் அடையாளங்கள்.

இதைக் கண்டறிய எந்திரம் தேவையில்லாத சோதனை ஒன்றைப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டுகள் செய்கிறார்கள். படுக்க வைத்து, தாடை நெஞ்சில் படும்படி கழுத்தை முழுக்க மடக்கி, அந்த நிலையிலேயே தலையை இரு பக்கமும் திருப்பிப் பார்ப்பார்கள். சாதாரணமாக ஒவ்வொரு பக்கமும் 40 பாகைக்கு மேல் திரும்பும். ஒரு பக்கம் 32 பாகைக்கும் கீழே நின்றுவிட்டால் மேல் கழுத்து மூட்டின் மேல் சந்தேகம் வலுக்கும். ஸ்கேன் செலவு இல்லாமல், சில நிமிடங்களில் கிடைக்கும் தகவல் இது.

செட் மாத்திரை, நெட்டி, காலர்

தலைவலி வந்ததும் கால் தானாகப் போகும் இடம் மெடிக்கல் ஷாப். சீட்டு எதுவும் இல்லாமல் மூன்று நான்கு மாத்திரைகளைக் கத்தரித்துப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் ‘செட்’ பழக்கம் இன்னும் ஒழியவில்லை. உள்ளே என்ன மருந்து என்று வாங்குபவருக்குத் தெரியாது. ஸ்டீராய்டு இருந்தாலும் தெரியாது. வலிநிவாரணிகளைத் தொடர்ந்து விழுங்கினால் வயிற்றில் புண், சிறுநீரகப் பாதிப்பு, ரத்த அழுத்தம் ஏறுவது என்று வரிசையாக வரலாம். போதாததற்கு, சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். கூட்டு மாத்திரைகளுக்கு 10 நாளே அதிகம். இதிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. மைக்ரேன் உடம்புக்காரர்கள் இந்த வலையில் சுலபமாகச் சிக்குவார்கள்.

அடுத்தது சலூனில் முடிவெட்டி முடித்ததும் கழுத்தைப் பிடித்துத் திருப்பி நெட்டி எடுப்பது. படக்கென்று சத்தம் கேட்டதும் பாரம் இறங்கியது போலிருக்கும். ஆனால் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்து எலும்புகளின் துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. திடீர்த் திருப்பலில் அந்தத் தமனியின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. அபூர்வம்தான், வந்தால் வாழ்க்கையே புரண்டுவிடும். கழுத்தை மற்றவர் கையில் கொடுப்பதானால், சோதித்துப் பார்க்கத் தெரிந்தவர் கையில் கொடுங்கள்.

மூன்றாவது காலர். எலும்பு முறிவு போன்ற காரணம் இல்லாதபோது அதை வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டு திரிந்தால் கழுத்துத் தசை இன்னும் பலவீனமாகும். அசைத்தால் உடைந்துவிடும் என்ற பயமும் மனதில் ஊறிவிடும். அந்தப் பயமே வலியைப் பெருக்கும்.

ஆளுக்கேற்ற வைத்தியம்

கழுத்துத் தலைவலிக்கு இன்று நல்ல ஆதாரம் உள்ள சிகிச்சை, உடற்பயிற்சியும் கைவழிச் சிகிச்சையும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த க்வென்டலின் ஜல் 200 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2002-இல் வெளியானது. ஆறு வாரச் சிகிச்சை. பலன் ஓராண்டு கழித்தும் நின்றது. சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்குத் தலைவலி வரும் நாட்கள் பாதியாகவோ அதற்கும் கீழோ குறைந்தன. பயிற்சியும் கனமானது இல்லை. படுத்துக்கொண்டு, ‘சரி’ என்று தலையாட்டுவதுபோல மெல்லத் தாடையை உள்ளிழுத்துக் கழுத்தின் ஆழத்தில் உள்ள தசைகளுக்கு வேலை கொடுப்பது. தோள்பட்டையைத் தாங்கும் தசைகளை வலுப்படுத்துவது.

மீதிக் கால்வாசிப் பேரை என்ன செய்வது? இங்கேதான் தனிமனித வேறுபாடு மருத்துவருக்கு வழிகாட்ட வேண்டும். மூட்டு இறுகியது மட்டுமே பிரச்சினை என்றால் மூட்டை அசைக்கும் சிகிச்சையும் பயிற்சியும் போதும். தூக்கம் கெட்டவருக்குத் தூக்கத்தைச் சரிசெய்யாமல் பலன் நிற்காது. உடம்பு முழுக்க வலி கூர்மையானவருக்குப் பயிற்சியை மிகக் குறைவாக ஆரம்பித்து மெதுவாக ஏற்ற வேண்டும். எடுத்த எடுப்பில் அழுத்தினால் வலி கூடி, மறுமுறை அவர் வரவே மாட்டார். மனச்சோர்வு இருந்தால் அதற்கும் சிகிச்சை வேண்டும். இவை எதிலும் அடங்காத சிலருக்கு, எந்த நரம்பு என்று ஊசி போட்டு உறுதிசெய்துகொண்டு, அந்த நரம்பைக் குறிவைக்கும் சிகிச்சைகள் பெரிய மருத்துவமனைகளில் உண்டு.

பத்துக்கு எவ்வளவு என்ற கேள்வியையும் சரியாகப் பயன்படுத்த வேண்டும். ஒருவரின் எட்டை இன்னொருவரின் மூன்றோடு ஒப்பிட்டால் அதில் ஒன்றுமே கிடைக்காது. அதே ஆளின் போன மாதத்து எட்டு இந்த மாதம் ஐந்தாகியிருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த எண். மூன்று என்று சொல்பவரையும் அப்படியே விட்டுவிடக் கூடாது. விடுப்பு கிடைக்காது என்பதாலும், ஆம்பளை அழக் கூடாது என்று வளர்ந்ததாலும் எட்டை மூன்றாக்கிச் சொல்பவர்கள் துறைமுகத்தில் குறைவில்லை. “எவ்வளவு வலிக்குது?” என்பதோடு, “வலியால எந்த வேலையை விட்டீங்க? ராத்திரி தூங்குறீங்களா? மாசத்துல எத்தனை நாள் மாத்திரை போடுறீங்க?” என்றும் கேட்டால் உண்மை வெளியே வரும்.

இதற்குத் தொலைவாக அலைய வேண்டியதில்லை. அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவும் இயன்முறை சிகிச்சையும் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் ஏற்பாடு உண்டு. இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளி இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் சிகிச்சையைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். அட்டை இருந்தும் மெடிக்கல் ஷாப்பே கதி என்று இருப்பவர்கள்தான் மாற வேண்டும்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்கள்

வாழ்நாளில் வராத கடுமையான தலைவலி திடீரென இடி விழுந்ததுபோல வந்தால். காய்ச்சலோடு கழுத்து விறைத்தால். கை கால் மரத்தாலோ பலம் இழந்தாலோ. பேச்சு குழறினால், பார்வை இரட்டையானால், நடை தள்ளாடினால். விபத்திலோ விழுந்தோ அடிபட்ட பிறகு தலைவலி வந்தால். 50 வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி தொடங்கினால். நெட்டி எடுத்த பிறகு கழுத்தில் இதுவரை இல்லாத வலியும் தலைசுற்றலும் வந்தால். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவருக்குப் புதிய தலைவலி வந்தால், காத்திருக்கக் கூடாது. இவை கழுத்துப் பயிற்சியில் தீரும் விஷயங்கள் அல்ல.

கடைசியாக, முதலாளிகளுக்கும் சங்கங்களுக்கும்

உடம்புக்குக் கேடு விளைவிக்கும் அளவு பாரத்தை யாரையும் தூக்க வைக்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 34-ஆம் பிரிவு சொன்னது. ஆண் தொழிலாளிக்கு 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1967-ஆம் ஆண்டுப் பரிந்துரை. அதே ஆண்டு அந்த அமைப்பு கொண்டுவந்த சுமை தொடர்பான உடன்படிக்கையை இந்தியா 2010-இல் ஏற்றது. சிமென்ட் மூட்டை ஒன்று 50 கிலோ. அது இந்த வரம்புக்குள் வந்துவிடுகிறது. ஆனால் வரம்புகள் சராசரி மனிதனுக்காகப் போடப்பட்டவை. 50 கிலோ எடையுள்ள, இரவு தூங்காத, ஆறு மாதமாகக் கழுத்து வலியோடு இருக்கும் ஒருவருக்கு அந்த மூட்டை வேறு எடை.

செலவு அதிகம் பிடிக்காத மாற்றங்கள் இருக்கின்றன. ஒரே தோரணையில் ஒருவரை ஷிஃப்ட் முழுக்க வைக்காமல் வேலையை மாற்றி மாற்றிக் கொடுப்பது, கிரேன் அறையில் இடைவேளையைக் கட்டாயமாக்குவது, வரிசையில் நிற்கும் ஓட்டுநர்களுக்குப் படுத்துத் தூங்க ஓர் இடம் ஒதுக்குவது, வலி என்று வந்தவருக்குச் சில வாரங்கள் இலகுவான வேலை தருவது. சங்கங்கள் கூலிக்கும் போனஸுக்கும் பேசுவதோடு இதையும் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுவர வேண்டும்.

2020-இல் உலகம் முழுக்கக் கழுத்து வலியோடு வாழ்ந்தவர்கள் 20 கோடிக்கும் மேல் என்பது ஒரு சர்வதேச மதிப்பீடு. அத்தனை பேரின் வலியையும் அளக்கும் கருவி இன்னும் எந்த ஆய்வுக்கூடத்திலும் உருவாகவில்லை. இருப்பது ஒன்றுதான்: வலிக்கிறவரின் வாய்மொழி. எனவே, உங்கள் வீட்டில் ஒருவரோ உங்களுக்குக் கீழே வேலை செய்பவரோ பொடனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், படத்தைக் கேட்பதற்கு முன் அவர் சொல்வதைக் கேளுங்கள். பக்கத்தில் இருப்பவரின் மூன்றைக் காட்டி அவருடைய எட்டைக் குறைக்காதீர்கள்.